எஃகுச் சுருளும் கத்திரி வெயிலும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கைக்கடிகாரம் தேடிப் போகிறவர் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். பழைய டிரங்க் சாலையில் ரோஜாச் செடி, வளர்ப்பு மீன், துருவேறிய ஸ்பேனர், யாரோ கழற்றிப்போட்ட மிக்சி மோட்டார் எல்லாவற்றையும் தாண்டி நடந்தால், ஒரு தார்ப்பாயின் மூலையில் ஐம்பது அறுபது கடிகாரங்கள் குவிந்து கிடக்கும். பெரும்பாலும் செல் போட்டால் ஓடுகிறவை. அந்தக் குவியலில் சாவி கொடுக்கிற கடிகாரம் ஒன்று அகப்பட்டால், திருகைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். உள்ளே சின்னப் பற்கள் ஏறி ஏறி விழுவது விரலுக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் காதில் வைத்துக் கேட்பேன். என்னிடம் இருக்கும் எச்.எம்.டி. ஜனதா அப்படித்தான் என்னிடம் வந்தது.

அதன் ஓசையை எண்ண முடியாது, அவ்வளவு வேகம். விநாடிக்கு 5 துடிப்பு, மணிக்கு 18,000, ஒரு நாளைக்கு 4,32,000. இத்தனை துடிப்புக்குப் பிறகு அரை நிமிடம் பிசகினால் 'வாட்ச் சரியில்லை' என்று கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். அரை நிமிடம் என்பது ஒரு நாளில் 2,880இல் ஒரு பங்கு. தாம்பரம் சண்முகம் சாலை மளிகைக் கடையில் ஒரு கிலோ அரிசி நிறுக்கும்போது அதே அளவு பிழை நேர்ந்தால், பதினைந்து இருபது அரிசிமணி கூடும் அல்லது குறையும். அதை யாரும் பிழையென்றே சொல்லமாட்டார்கள். கடிகாரத்திடம் மட்டும் நாம் அவ்வளவு கறாராக இருக்கிறோம். அந்தக் கறார்த்தனத்துக்கு ஒரு கையளவு இரும்பும் பித்தளையும் எப்படி ஈடு கொடுக்கின்றன என்பதுதான் என்னை இந்தப் பொருளின் பக்கம் இழுத்தது. விலையும் பெயரும் அதற்குப் பிறகு வந்தவை.

பின்மூடியைக் கழற்றிப் பார்ப்போம். சாவி கொடுக்கும்போது மெயின் ஸ்பிரிங் என்ற எஃகு நாடா ஒரு சிறு உருளைக்குள் இறுகிச் சுருள்கிறது. தடுக்க ஆள் இல்லாவிட்டால் சர்ரென்று அவிழ்ந்து தீர்ந்துபோகும். அதை ஒன்றரை நாளுக்கு மேல் இழுத்துப் பிடித்து, சொட்டுச் சொட்டாக அவிழவிடுவதுதான் மற்ற உறுப்புகளின் வேலை. பல்சக்கர வரிசையின் கடைசியில் நிற்கும் சக்கரத்தின் பல்லை, நங்கூரம் போன்ற ஒரு சின்ன நெம்புகோல் பிடித்து நிறுத்துகிறது. பேலன்ஸ் சக்கரம் இந்தப் பக்கம் ஆடும்போது நெம்புகோலைத் தட்டும். ஒரு பல் நழுவும். அடுத்த பல் வந்து மோதி நிற்கும். நம் காதுக்கு எட்டும் 'டிக்' அந்த மோதல்தான். நழுவுகிற பல் சும்மா போவதில்லை. போகிற போக்கில் பேலன்ஸுக்கு ஒரு சிறு தள்ளு கொடுத்துவிட்டுப் போகிறது. அதனால் ஆட்டம் ஓய்வதில்லை. 1750களில் இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ் கண்ட இந்த அமைப்புதான், சில அரிய விலக்குகள் நீங்கலாக, இன்றைய சாவிக் கடிகாரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஜனதாவிலும் இருக்கிறது, கோடி ரூபாய் சுவிஸ் கடிகாரத்திலும் இருக்கிறது.

பேலன்ஸ் சக்கரத்தை ஆடவைப்பது அதன் நடுவில் இருக்கும் ஹேர் ஸ்பிரிங். முடியைவிட மெல்லிய, கொசுவர்த்திபோல் சுற்றிய ஒரு சுருள். ஊசல் கடிகாரம் ஆடுவதற்குப் பூமி இழுக்க வேண்டும். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. சுருளுக்குப் பூமியின் தயவு வேண்டாம். 1675இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் சுருள்வில் பூட்டிய கடிகாரத்தைப் பாரிசில் செய்வித்தபோது, அந்த எண்ணம் தனக்குத்தான் முதலில் தோன்றியது என்று லண்டனில் இருந்து ராபர்ட் ஹூக் வழக்காடினார். யார் முந்தியவர் என்ற சண்டை எப்படியோ போகட்டும். அன்றைக்குத்தான் நம்பத்தக்க நேரம் சுவரை விட்டு இறங்கி மனிதனோடு நடக்கத் தொடங்கியது.

ஆட்டத்தின் வேகத்தை இரண்டே விஷயங்கள் முடிவு செய்கின்றன. சக்கரத்தின் கனம் விளிம்பை நோக்கிப் போகப்போக ஆட்டம் மெதுவாகும். சுருள் விறைப்பாக ஆக ஆட்டம் வேகமாகும். இவ்வளவுதான் சூத்திரம். ஆனால் விறைப்பைக் கெடுக்க உலகமே காத்திருக்கிறது.

ஒருநாள் இரவு ஜனதாவைக் கழற்றி ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டேன். காலையில் அது பல நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. தாம்பரம் மேற்கில் நான் வழக்கமாகப் போகும் பழுதுபார்க்கிற பாயிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறக்கக்கூட இல்லை.

"ஸ்பீக்கர் மேல வெச்சீங்களா சார்?"

ஒரு பொம்மைத் திசைகாட்டியை அதன் அருகில் கொண்டுவந்து காட்டினார். முள் துடித்தது. காந்தம் ஏறிய சுருளில் பக்கத்துப் பக்கத்து வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஆடக்கூடிய நீளம் குறைந்துபோகும். குட்டையான சுருள் விறைப்பான சுருள், விறைத்தால் வேகம். காந்தம் இறக்கும் சிறு கருவியில் வைத்து எடுத்துத் தந்தார், பத்து நொடிகூட ஆகவில்லை. 'திடீர்னு ஃபாஸ்ட் போகுது' என்று சொல்லி வருகிற பழைய வாட்ச்சுகளில் பலவற்றுக்கு இதுதான் நோய் என்றார்.

காந்தத்தைத் தவிர்க்கலாம். வெப்பத்தை, அதுவும் இந்த ஊரில், தவிர்க்கவே முடியாது. சூடேறினால் எஃகு நீளும் என்பது பள்ளிப் பாடம். சுருளுக்கு அந்த நீட்சியைவிடப் பெரிய கேடு, எஃகின் விறைப்பே தளர்ந்துவிடுவது. சாதாரண எஃகுச் சுருளும் பித்தளைச் சக்கரமும் பூட்டிய கடிகாரம், வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நாளுக்கு ஏறத்தாழ 10 விநாடி பிந்தும். 24 டிகிரி ஏ.சி. அறையில் சரியாக வைத்த அப்படி ஒரு கடிகாரத்தை 40 டிகிரி மொட்டைமாடியில் ஒரு நாள் வைத்திருந்தால், இரண்டரை நிமிடத்துக்கு மேல் பிந்தியிருக்கும்.

இதே எஃகோடும் இதே வெயிலோடும் மல்லுக்கட்டிய இன்னொரு மனிதரை இங்கே சொல்லியாக வேண்டும். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற படை அதிகாரி பரங்கிமலையின் அடிவாரச் சமவெளியில் 100 அடி நீள எஃகுச் சங்கிலி ஒன்றை விரித்தார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர், நேர்கோட்டில் அளப்பது அவர் வேலை. இன்று அந்தக் கோட்டின்மேல் மடிப்பாக்கமும் கோவிலம்பாக்கமும் மேடவாக்கமும் வீடுகட்டிக் குடியேறியிருக்கின்றன. இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்து, பிறகு இமயச் சிகரங்களின் உயரம் வரை கணக்கிட்ட அந்த மாபெரும் நில அளவைக்கு இந்தக் கோடுதான் முதல் அடி. சங்கிலியை நானூறு தரம் விரிக்க வேண்டும். சங்கிலி 10 டிகிரி சூடேறினால் எத்தனை நீளும்? ஒவ்வொரு விரிப்பிலும் மூன்றரை மில்லிமீட்டர் சொச்சம். நானூறு விரிப்பில் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். அதனால் லாம்டன் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு நிழல் கொடுத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு விரிப்பிலும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு கணக்கில் திருத்தினார். சித்திரை வெயிலில், ஒரு சங்கிலிக்குக் குடை பிடித்துக்கொண்டு தெற்கு நோக்கி நகர்ந்த அந்தக் கூட்டத்தை மேடவாக்கம் சாலையில் பேருந்துக்கு நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

லாம்டனின் சங்கிலிக்கும் கடிகாரச் சுருளுக்கும் ஒரே ஆள் மருந்து கண்டுபிடித்தார். சார்ல் எதுவார் கியோம், கடிகாரம் செய்யும் குடும்பத்தில் பிறந்த சுவிஸ்காரர். பாரிசுக்கு அருகே சர்வதேச எடை அளவை நிலையத்தில் நீள அளவுகோல்களுக்கு மலிவான உலோகம் தேடிக்கொண்டிருந்தவர், 1896இல் இரும்போடு சுமார் 36 சதவீதம் நிக்கல் கலந்தால் அந்தக் கலவை வெப்பத்துக்கு நீளவே மறுக்கிறது என்று கண்டார். எஃகு நீள்வதில் பத்தில் ஒரு பங்குதான் இது நீளும். அதற்கு இன்வார் என்று பெயர். நில அளவையாளர்கள் சங்கிலியைப் போட்டுவிட்டு இன்வார் கம்பிக்கு மாறினார்கள். அதற்குப் பின் கியோம் இன்னொரு கலவை செய்தார்: விறைப்பு மாறாத எலின்வார். அதில் சுருள் செய்தால் கடிகாரம் வெயிலைப் பொருட்படுத்தாது. 1920ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு. அடுத்த ஆண்டுக்கான பரிசு ஐன்ஸ்டைனுக்குப் போனதால் கியோமின் பெயர் புத்தகங்களில் மங்கிவிட்டது. எனக்கு அது மனக்குறைதான். எலின்வாரின் வழிவந்த கலவைகளால்தான் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு சாமானியரின் கைக்கடிகாரமும் கத்திரி வெயிலைத் தாங்கியது.

சங்கிலி தூரத்தைச் சொல்லும். அந்தக் கோடு உலக உருண்டையில் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லக் கடிகாரம் வேண்டும். பூமி 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி சுழல்கிறது. கிரீன்விச்சுக்கும் நமக்கும் நேர வித்தியாசம் தெரிந்தால் நம் தீர்க்கரேகை தெரிந்துவிடும். 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் வியாழனின் நிலவுகள் மறையும் கணங்களைக் கடிகாரத்தோடு பொருத்திப் பார்த்து, மதராஸ் கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியிருக்கிறது என்று 1802இல் முடிவு செய்தார். இன்றைய கணக்கில் அது கால் நிமிடம் அதிகம். கால் நிமிடம் பெரிதில்லை என்று தோன்றலாம். நம் ஊர் அட்சரேகையில், தரையில் அது 6 கிலோமீட்டருக்கு மேல். இதே வானாய்வகத்தில் நட்சத்திரங்கள் உச்சி கடக்கும் நொடியை இரவிரவாகக் குறித்துவந்த சிந்தாமணி ரகுநாதாசாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். நல்ல கடிகாரமும் அதை நம்பத் தெரிந்த கண்ணும் இல்லாமல் அந்த வேலையில் ஒருவர் நிலைக்க முடியாது.

மதராஸ் நேரமே பிறகு இந்திய ரயில்களின் பொது நேரமாகவும் ஆனது. ஏன் பொது நேரம் தேவை என்பதற்குத் தாம்பரத்தையே பாருங்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் தீர்க்கரேகையில் உள்ள வித்தியாசத்தால், சூரியன் தாம்பரத்தில் உச்சிக்கு வருவது சுமார் 40 விநாடி தாமதமாகத்தான். ஒவ்வொரு ஊரும் தன் சூரியனைப் பார்த்து மணி வைத்தால் ரயில் ஓடாது. 1906 ஜனவரி 1 முதல் கிரீன்விச்சை விட ஐந்தரை மணி நேரம் முந்திய கணக்கு வந்தது. அன்று மதராஸ் நேரத்தில் ஓடிய ஒரு கடிகாரம் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னால் தள்ளப்பட வேண்டியிருந்தது. 1931 மே மாதம் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியபின், இந்தப் புறநகரில் குடியிருப்பவர்களின் காலைப்பொழுது நிமிடக் கணக்கில் அடங்கியது. அதே 1931 மார்ச்சில், இந்தியாவில் போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி உடையாமலிருக்க, முகத்தைக் கவிழ்த்துக்கொள்ளும் கைக்கடிகாரத்துக்குப் பாரிசில் காப்புரிமை கோரப்பட்டது. ஜேகர்-லெகூல்த்ர் நிறுவனத்தின் ரிவர்சோ அது. இன்றைக்கும் ஆடம்பரக் கடிகாரச் சேகரிப்பாளர்கள் கேட்டுக் கேட்டு வாங்குவது. குதிரைமேல் ஆடியவர்களுக்கு ரிவர்சோ. மின்ரயிலைப் பிடிக்க ஓடியவர்களுக்கு அந்த மாதிரி ஒன்று கிடைக்க இன்னும் 30 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அதுவரை நம்மிடம் இருந்தவை இறக்குமதிக் கடிகாரங்கள். மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் தன் பெயரையும் மதராஸ் என்ற ஊர்ப்பெயரையும் முகப்பில் பொறித்து விற்ற சட்டைப்பைக் கடிகாரங்கள் இன்றும் அபூர்வமாகக் கண்ணில் படும். 1865 முதல் இந்தியாவோடு வணிகம் செய்த ஃபேவர்-லூபா தமிழ்நாட்டு வாத்தியார்கள், வக்கீல்கள் கைகளில் சாதாரணம். 1961இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு எச்.எம்.டி. கடிகார ஆலை வந்தது. முதல் கடிகாரங்களை நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், பிறகு கல்யாண மாப்பிள்ளைகள் கேட்டு வாங்கிய தங்கநிற காஞ்சன். அரசாங்க நிறுவனம், பத்துக் கோடிக்கு மேல் கடிகாரம் செய்தது.

ஜனதாவின் முகத்தில் '17 ஜுவல்ஸ்' என்றும் 'பாரா ஷாக்' என்றும் எழுதியிருக்கும். அந்த இரண்டு வரியும் அலங்காரம் இல்லை. பேலன்ஸ் அச்சின் நுனி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன். அது உலோகத்தின்மேல் ஒரு நாளைக்கு நாலு லட்சம் தரம் உரசினால் தேய்ந்துபோகும். அதனால் மாணிக்கக்கல்லில் துளைபோட்டு அதில் உட்காரவைக்கிறார்கள். செயற்கை மாணிக்கம் வளர்க்கும் வழியை 1902இல் ஆகுஸ்த் வெர்னோய் அறிவித்த பிறகு கல் மலிவானது. அது இல்லாமல் மக்கள் கடிகாரம் சாத்தியப்பட்டிருக்காது. பாரா ஷாக் என்பது அந்தக் கல்லையே ஒரு வில்லின்மேல் மிதக்கவிடும் உத்தி. கடிகாரம் கைதவறி விழும்போது கல் அசைந்து கொடுக்கும், அச்சு முறியாது.

சேகரிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தையிலும் இணையத்திலும் இப்போது கிடைக்கிற ஜனதா, பைலட் பலவற்றின் டயல் மறுபடி வண்ணம் பூசப்பட்டது. எச்.எம்.டி. வெளியிடாத நிறங்கள் பளபளக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரம் கசிந்து தடித்திருக்கும். அசல் அச்சு கூர்மையாக இருக்கும். மூன்று கடிகாரத்தை உரித்து ஒன்றாக்கியதும் உண்டு. எனக்குப் பழுப்பேறி, ஓரம் புள்ளி விழுந்த அசல் டயல் போதும். அது வேர்வையும் மழையும் பட்ட சரித்திரம். அதன்மேல் பெயின்ட் அடித்தால் சரித்திரம் போய்விடும். பைலட் கடிகாரத்தைக் காட்டி விமானப்படையில் கொடுத்தது என்று சொல்லி விலை கேட்டால், தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள். அதைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஜனதாவுக்கும் பல லட்சம் ரூபாய் சுவிஸ் கடிகாரத்துக்கும் அறிவியல் ஒன்றுதான் என்றால், மீதிப் பணம் எங்கே போகிறது? ஒரு பகுதி சோதனைக்கு. சுவிட்சர்லாந்தில் குரோனோமீட்டர் சான்று பெற இயந்திரத்தை 15 நாள், 5 கிடைகளில், 8, 23, 38 டிகிரி வெப்பங்களில் ஓட்டிப் பார்க்கிறார்கள். சராசரியில் நாளுக்கு 4 விநாடிக்கு மேல் பிந்தக் கூடாது, 6 விநாடிக்கு மேல் முந்தக் கூடாது. 38 டிகிரி என்பது மீனம்பாக்கத்தில் மே மாதத்துச் சாதாரண நண்பகல். ஒரு பகுதி புவியீர்ப்போடு நடத்தும் பழைய போருக்கு. லாம்டன் சங்கிலி விரித்ததற்கு முந்தைய ஆண்டு, 1801இல், பாரிசில் பிரேகே காப்புரிமை பெற்ற டூர்பியோன், பேலன்ஸையும் அதன் சுற்றத்தையும் ஒரு கூண்டில் வைத்து மெல்லச் சுழலவிடுகிறது. ஒரு நிலையில் நேரும் பிழையை எதிர் நிலையின் பிழை ஈடுகட்டும். பெரும்பகுதியோ கை உழைப்புக்கு. யாரும் திறந்து பார்க்காத தகட்டின் ஓரத்தையும் சரித்துச் சீவி, மரக்குச்சியால் தேய்த்துக் கண்ணாடியாக்குகிறார்கள். உள்மூலையைக் கூர்மை கெடாமல் மெருகேற்ற இயந்திரத்தால் முடியாது. அங்கே மனித விரலின் தடம் இருக்கும். சிற்பி தூணின் பின்பக்கத்தையும் செதுக்குவதை நம் கோயில்களில் பார்த்து வளர்ந்த எனக்கு, இதற்கு விலை கொடுக்கிறவர்கள்மேல் கோபம் வரவில்லை. விலை ஏறும் என்று வாங்கிப் பூட்டிவைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. 1933இல் ஹென்றி கிரேவ்ஸ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட பதேக் பிலிப் கடிகாரம் 2014இல் ஜெனீவா ஏலத்தில் சுமார் 2.4 கோடி டாலருக்குப் போனது. எண்ணெய் உறையாமலிருக்க அதுவும் ஓடித்தான் ஆக வேண்டும்.

துல்லியத்தில் இவை எல்லாமே தோற்றுப்போனவை. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ வெளியிட்ட முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அந்தக் கதையை முடித்தது. இன்றைய செல் வாட்ச்சில் படிகம் விநாடிக்கு 32,768 தரம் அதிர்கிறது. ஜனதாவின் ஐந்தை அதற்கு எதிரே வைக்கவே முடியாது. தமிழ்நாட்டில் அந்த அலை ஓசூர் வழியாக வந்தது. 1984இல் டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், செல் கடிகாரத்தின்மேல் பந்தயம் கட்டியது. எச்.எம்.டி. சாவியை விட்டு வெளியே வரத் தாமதித்தது. 2016இல் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. 1737இல் தொடங்கிய ஃபேவர்-லூபா சில ஆண்டுகள் ஓசூர்க்காரர்களின் சொத்தாகவே இருந்தது என்பதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. டைட்டன் அதை 2011இல் வாங்கியது, பிறகு கைமாற்றியது.

தோற்றுப்போன இயந்திரத்தில்தான் அறிவியலைக் கையால் தொட முடிகிறது. உங்களிடம் ஒரு சாவிக் கடிகாரம் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு விநாடி வித்தியாசத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் நான்கு இரவு முகம் மேலே பார்க்க வையுங்கள். அடுத்த நான்கு இரவு திருகு மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். பிறகு திருகு கீழே. படுத்திருக்கும்போது அச்சு தன் நுனியில் நிற்கிறது, உராய்வு குறைவு. நிறுத்தினால் பக்கவாட்டில் உரசுகிறது, ஆட்டத்தின் வீச்சு சுருங்குகிறது. சக்கரத்தில் ஒரு பக்கம் இம்மியளவு கனம் கூடியிருந்தாலும் அது இப்போது வெளிப்படும். எந்தக் கிடையில் முந்தும், எதில் பிந்தும் என்பது கடிகாரத்துக்குக் கடிகாரம் மாறும். இரண்டு வாரத்தில் உங்களுடையதின் குணம் தெரிந்துவிடும். பிறகு அதைத் திறக்கவே வேண்டாம். பகலில் பிசகியதை, இரவில் படுக்கும் பக்கத்தை மாற்றியே திருப்பிவிடலாம். என் ஜனதா மேசையில் ஒரு தீப்பெட்டியின்மேல் சாய்ந்து, திருகு மேலே இருக்கத் தூங்குகிறது.